சாப்பாட்டு மணி

அத்தியாயம் 14

பெட்டியின் மூடியைத் தையலம்மா அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நர்ஸக்கா அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"நான் உட்கார்ந்தும் மூடாத பெட்டியை இன்னும் யாரும் செய்யலைடி" என்றாள் மூச்சு வாங்க.

தையலம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூடிய பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருப்பது அவளுடைய சின்னவனின் உடைமைகள். கிடங்கில் போட்டுக்கொண்ட யூனிஃபார்ம் சட்டைகள், குளிருக்கு வாங்கிய கோட்டு, முனை தேய்ந்த பூட்ஸ், தலைமாட்டில் ஒட்டி வைத்திருந்த சாமி படம். நாளைக் காலை விமானம். இந்த ஊரில் இனி அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே ஒரு சாயங்காலம்.

"தட்டு மட்டும் கிடைக்கலையேக்கா" என்றாள்.

நர்ஸக்கா பெட்டியிலிருந்து இறங்கினாள். நேற்றிலிருந்து இதைப் பலமுறை கேட்டாகிவிட்டது.

சின்னவன் வெளிநாட்டுக்குக் கிளம்பிய அன்று, லேத் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவன் அப்பா கடைக்குப் போய், கனமான எவர்சில்வர் தட்டு ஒன்று வாங்கி வந்தார். அவன் பெயரைப் புள்ளி புள்ளியாய்க் கொத்தித் தரச் சொல்லி, கடைக்காரன் கொத்தி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். அந்தத் தட்டு மகனின் அறையில் இல்லை. கூடத் தங்கியிருந்த பையனையும் கேட்டாயிற்று. 'இங்கே அண்ணன் ஒரு நாளும் சமைச்சதில்லைம்மா. தட்டையும் நான் பார்த்ததில்லை' என்று சொல்லிவிட்டான். அடுப்பும் கடையிலிருந்து நேற்று வந்தது போல் பளபளவென்று இருந்தது.

அந்தப் பளபளப்புதான் தையலம்மாவின் நெஞ்சை அறுத்தது.

கெட்ட காய்ச்சல் ஒன்று வந்து, இரண்டு மூன்று நாளில் பிள்ளையைக் கொண்டு போய்விட்டது. விதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டிருப்பாள். ஆனால் பெரியவள், தம்பியைத் தூக்கி வளர்த்த அக்காள், காரியம் முடிந்த வீட்டில் ஆற்றமாட்டாமல் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள். 'ஒழுங்கா சாப்பிட்டிருந்தா உடம்பு தாங்கியிருக்கும்மா. வீடு கட்டணும், வீடு கட்டணும்னு நாம அரிச்சோம். அவன் வயித்தைக் கட்டிட்டான்.'

சொன்னவள் அன்றைக்கே மறந்திருக்கலாம். கேட்டவளுக்கு அது தொண்டையில் சிக்கிய முள். இந்தப் பயணத்துக்குக் காரணமே அந்த முள்தான். என் பிள்ளை பட்டினி கிடந்தானா இல்லையா, எனக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். கட்டியவர் பேசவில்லை, பெரியவள் தடுத்தாள். எதிர்வீட்டு நர்ஸக்காதான் பாஸ்போர்ட்டும் கையுமாய் வந்து, 'பென்ஷன் வாங்கி வாங்கி எனக்கும் அலுத்துப்போச்சு, வா போகலாம்' என்றாள்.

"மணியைத்தான் நம்பியிருக்கேன்" என்றாள் தையலம்மா.

அது வேறு கதை. நாலு வருஷமாகச் சின்னவன் விளக்கு வைக்கும் நேரத்தில் வீட்டுக்குப் போன் பண்ணுவான். 'சாப்பிட்டியா?' என்பாள். 'சாப்பிட்டுக்கிட்டே இருக்கேம்மா. கடையக்கா போடுறாங்க' என்பான். அவன் சாப்பிட்டான் என்று காதால் கேட்ட பிறகுதான் இவள் சோற்றில் கை வைப்பாள். பேச்சுக்குப் பின்னால் வண்டி ஹாரன், ஆள் சத்தம், அதற்கு நடுவே 'டிங், டிங்' என்று ஒரு ஒலி. 'என்னடா அங்கே மணி அடிக்குது?' என்றால் சிரிப்பான். 'அது சாப்பாட்டு மணிம்மா.'

போன் நின்ற பிறகு தையலம்மாவுக்கு ராத்திரிச் சாப்பாடும் நின்றது. பசிக்கவில்லை என்பாள். கட்டியவரும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோவார்.

"மணி கட்டின சாப்பாட்டு வண்டியைத் தேடுவோம்" என்று நர்ஸக்கா செருப்பை மாட்டினாள். "ஆண்டவன் காது கொடுத்திருக்கான், நடக்கக் காலும் கொடுத்திருக்கான். முழங்காலைப் பத்தி மட்டும் இப்போ பேச வேண்டாம்."

கிடங்கின் பின்பக்கம் இரும்புக் கதவுகள் வரிசையாய் இருந்த சந்து அது. வேலை விட்ட நேரம். மஞ்சள் பட்டை போட்ட சட்டைக்காரர்கள் கூட்டமாய் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். சந்தின் இரு பக்கமும் தள்ளுவண்டிகள். புகை, ஆவி, எண்ணெய் பொரியும் ஓசை. யாருக்கும் உட்கார நேரமில்லை. நின்றபடியே சாப்பிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள்.

தையலம்மா அந்தச் சட்டைகளைப் பார்த்தாள். தோள் தையல் எல்லாவற்றிலும் ஒரே மாதிரிப் பிரிந்திருந்தது. சுமை தூக்குகிறவர்கள். பெட்டிக்குள் இருக்கும் சட்டைகளிலும் அதே இடத்தில்தான் பிரிந்திருந்தது.

"சும்மா நின்னு மணியைத் தேடினா திருட வந்தவங்கன்னு நினைப்பாங்க" என்றாள் நர்ஸக்கா. "வாங்கிச் சாப்பிட்டாத்தான் நிக்க விடுவாங்க. நீ காதைத் தீட்டிக்கோ. வயித்தை நான் பார்த்துக்கிறேன்."

முதல் வண்டியில் ஒருவன் ஏதோ ஒன்றைக் குச்சியில் குத்திப் பொரித்துக்கொண்டிருந்தான். காரம் இருக்குமா என்று நர்ஸக்கா தன் போனிடம் தமிழில் கேட்டாள். போன் அந்த ஊர் பாஷையில் அவனிடம் எதையோ சொன்னது. அவன் நிமிர்ந்து வானத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை ஆட்டினான்.

"மழை வருமான்னு கேட்டிருக்குடி இது" என்று போனைப் பைக்குள் போட்டாள். "இதுக்கு என் கையே தேவலை."

குச்சியைக் கடித்தாள். கண்ணை மூடி மென்றாள். கண்ணைத் திறந்தாள்.

"எப்படிக்கா?"

"ஆஸ்பத்திரிக் கட்டுத்துணியைப் பொரிச்ச மாதிரி. ஆனா நல்லாப் பொரிச்சிருக்கான்."

அங்கே மணி இல்லை.

இரண்டாவது வண்டியில் கண்ணாடிக் கிண்ணத்தில் வெள்ளையாய், குளுகுளுவென்று, ஆடிக்கொண்டே இருந்த ஒன்று. நர்ஸக்கா ஒரு கரண்டி வாயில் போட்டாள். விழித்தாள். தொண்டையைத் தடவிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. அதுவா இறங்கிடுச்சு. என்னைக் கேக்கவே இல்லை."

தையலம்மாவின் உதட்டோரம் லேசாய் அசைந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனாலும் நர்ஸக்கா அதைப் பார்த்துவிட்டாள். அந்த அசைவுக்காக இன்னும் பத்துக் கிண்ணம் சாப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்றாவது வண்டியில் மணி என்று ஒன்று இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தார்கள். அது சைக்கிள் மணி, துருப்பிடித்துப் போனது. அடித்துப் பார்த்தால் கரகரவென்று இருமியது.

வெளிச்சம் மங்கத் தொடங்கியது. தெருவிளக்குகள் எரிந்தன. வீட்டில் இருந்தால் இது விளக்கு வைக்கும் நேரம் என்ற நினைப்பு தையலம்மாவுக்கு வந்தது. நடையை நிறுத்தினாள்.

"போதும்க்கா, போகலாம். இல்லாத மணியை எங்கேன்னு தேடுறது? எனக்கு வருத்தமா இருக்கக் கூடாதுன்னு கடைன்னும் அக்கான்னும் அவனா கட்டிச் சொல்லியிருப்பான்."

"கடைசியா இந்த ஒண்ணு" என்றாள் நர்ஸக்கா. "இதையும் பார்த்துட்டுப் போவோம். எனக்கு நிஜமாவே பசிக்குது. இவ்வளவு நேரம் சாப்பிட்டது கணக்கிலேயே வராது."

சந்தின் கோடியில், பழைய அடுக்குமாடி வீட்டின் வாசலை ஒட்டி அந்த வண்டி நின்றது. பெரிய அண்டாவில் கெட்டியாய் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. கீரை போல் ஒன்று, பயறு போல் ஒன்று, நடுவே பஞ்சு மாதிரி மாவு உருண்டைகள். அண்டாவுக்குப் பின்னால் ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவள். தலையில் துணி கட்டியிருந்தாள். ஏப்ரனின் தோள்பட்டை அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. தையலம்மாவின் கண் முதலில் போனது அந்த ஊக்கில்தான். குனியும்போதெல்லாம் கழுத்தில் குத்துமே என்று நினைத்தாள்.

நர்ஸக்கா இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு பீங்கான் கிண்ணங்கள் வந்தன.

"எனக்கு எதுக்குக்கா?"

"கையில பிடி. சூடா இருக்கு, கையாவது காயட்டும்."

ஆவி முகத்தில் அடித்தது. நல்ல மணம். பழகாத மணம்தான், ஆனாலும் யாரோ ஒருத்தர் வீட்டு அடுப்படி மணம். அந்தப் பெண் இரண்டாவது கரண்டியை மொண்டு தையலம்மாவின் கிண்ணத்துக்கு நேரே கொண்டுவந்தாள். தையலம்மா பழக்கத்தில் உள்ளங்கையால் கிண்ணத்தை மூடினாள்.

கரண்டி திரும்பிப் போகவில்லை.

அது அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு அந்தப் பெண் கரண்டியின் கழுத்தால் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினாள். டக், டக். மறுபடி கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, கை விலகட்டும் என்று காத்திருந்தாள்.

தையலம்மாவின் உடம்பெல்லாம் சிலிர்த்தது.

மற்ற வீடுகளில் தட்டைக் கையால் மூடினால் விட்டுவிடுவார்கள். தையலம்மாவின் வீட்டில் அது நடக்காது. கரண்டிக் கழுத்தால் தட்டின் விளிம்பில் இரண்டு தட்டு. அதற்குப் பிறகு கரண்டி அசையாது. கை விலகும்வரை நிற்கும். யார் முதலில் சளைப்பது என்று அம்மாவுக்கும் சின்னவனுக்கும் போட்டி. ஒரு நாளும் அவன் ஜெயித்ததில்லை. 'கை வலிக்குமேன்னு எடுத்தேன், பசியில இல்லை' என்று வீறாப்பாய்ச் சொல்லிக்கொண்டு, போட்டதை வழித்துச் சாப்பிடுவான். இதை அவள் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் செய்து அவள் பார்த்ததும் இல்லை. அவளாகக் கண்டுபிடித்த விளையாட்டு அது.

கடல் தாண்டி, பாஷை தெரியாத ஒருத்தி அதை அப்படியே செய்கிறாள்.

"அக்கா" என்றாள். "போட்டோ. என் போன்ல அவன் போட்டோ. எடுங்க."

நர்ஸக்கா அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, படத்தைத் திறந்து, அண்டாவுக்கு மேலே நீட்டினாள்.

அந்தப் பெண் பார்த்தாள். முகம் முழுக்க வெளிச்சம் பரவியது. என்னவோ சொல்லிக் கூவினாள். கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, படத்தைப் பார்த்தாள், தையலம்மாவைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். தன் மூக்கைத் தொட்டுக் காட்டினாள், பிறகு தையலம்மாவின் மூக்கைக் காட்டினாள். அதே மூக்கு! அம்மாவா? அம்மாதானே?

தையலம்மா தலையை ஆட்டினாள். கண் நிறைந்து எதிரே எல்லாம் கலங்கலாய்த் தெரிந்தது.

கடையக்கா, இனி அவளை அப்படித்தானே சொல்ல வேண்டும், குனிந்து வண்டிக்கு அடியில் இருந்த பலகையைத் திறந்தாள். துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள். துணியை விலக்கினாள்.

எவர்சில்வர் தட்டு. விளிம்பில் புள்ளி புள்ளியாய் அவன் பெயர்.

ஒரு பொட்டுத் தூசி இல்லை. இத்தனை மாதமாய் அவன் வராமல் இருந்தும் அந்தத் தட்டைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறாள்.

கடையக்கா அதைத் தையலம்மாவின் கையில் வைத்து, ஒரு கரண்டி ஊற்றி, அடுத்த கரண்டியைத் தூக்கிக்கொண்டு விளிம்பில் தட்டினாள்.

டிங், டிங்.

நர்ஸக்காவே வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஒலியைப் பற்றி அவளுக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகியிருந்தது.

மணியே கிடையாது. அவர்கள் மாலை முழுக்கத் தேடியது வண்டியில் தொங்கும் மணியை. நாலு வருஷமாய்ப் போனில் கேட்டது, இவன் தட்டைக் கையால் மூடியதையும், ஒருத்தி விடாமல் தட்டிப் போட்டதையும். பட்டினி கிடந்த பிள்ளைக்கு யார் இரண்டாம் கரண்டி போடுவார்கள்? தையலம்மா தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். சூட்டையும் பொருட்படுத்தவில்லை.

"கொட்டிடப் போறே" என்று நர்ஸக்கா தட்டை மெல்லப் பிடித்துக்கொண்டாள்.

கடையக்கா சிரித்துக்கொண்டே கையால் கேட்டாள். அவன் எங்கே? விமானம் போல் கையை விரித்துக் காட்டினாள். ஊருக்குப் போய்விட்டானா? கழுத்தில் மாலை போடுவது போல் காட்டிக் கண்ணைச் சிமிட்டினாள். கல்யாணமா? எப்போது வருவான்? தட்டு காத்திருக்கிறதே!

தையலம்மாவின் கை அப்படியே நின்றது.

"பேசாம ஆமான்னு சொல்லிடு" என்று நர்ஸக்கா காதோரமாய் முணுமுணுத்தாள். "ஊருக்குப் போயிட்டான், நல்லா இருக்கான்னு நினைச்சுக்கட்டும். வியாபார நேரம். பாவம், நாளைக்கு நாம போயிடப் போறோம். எத்தனை பேர்கிட்ட சாவுச் சேதி சொல்லியிருக்கேன் என் சர்வீஸ்ல, ஒரு தடவை கூட மனசு வந்ததில்லை."

தையலம்மாவும் ஒரு கணம் அப்படித்தான் நினைத்தாள். தலையை ஒரு முறை ஆட்டினால் போதும். ஒரு பொய், அதுவும் நல்ல மனத்தோடு. தெய்வம் கோபித்துக்கொள்ளாது.

ஆனால் அவளுக்கு இன்னொரு நாள் ஞாபகம் வந்தது. சேதி வந்த அன்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அவளுக்கு மட்டும் தெரியாது. 'ஆஸ்பத்திரியில இருக்கான், தேறிடுவான்' என்று ஒரு பகல் முழுக்க அவளை வைத்திருந்தார்கள். அந்தப் பகலில் அவள் மெஷினில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கவுன் தைத்தாள். பாட்டுக் கூட முணுமுணுத்தாள். பிரியத்தினால்தான் மறைத்தார்கள். அவர்களை அவள் எப்போதோ மன்னித்துவிட்டாள். அந்தப் பாட்டைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

"வேணாம்க்கா" என்றாள். "இவங்க நாளைக்கும் தட்டைத் துடைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. என் புள்ளைக்கு நாலு வருஷம் சோறு போட்டவங்க. இவங்களை அப்படி விட்டுட்டுப் போகக் கூடாது."

வண்டியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். கடையக்காவின் கரண்டியை வாங்கி அண்டாவில் வைத்தாள். ஈரமான அந்த இரு கைகளையும் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். போனில் இருந்த முகத்தைக் காட்டினாள். பிறகு, தூங்குகிற குழந்தைக்குச் செய்வதுபோல், அந்தப் படத்தின் கண்களை மெதுவாக விரலால் மூடினாள். கை கூப்பி மேலே பார்த்தாள்.

கடையக்கா முதலில் சிரித்தபடியே இருந்தாள். பிறகு சிரிப்பு மட்டும் முகத்தில் தங்கி, கண்கள் மாறின. பிறகு சிரிப்பும் போயிற்று. இல்லை என்று தலையை ஆட்டினாள். தையலம்மா கையை விடவில்லை.

வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடையக்கா குனிந்து அடுப்பை அணைத்தாள். பசியோடு நின்ற அத்தனை பேரில் ஒருவர் கூட வரிசையை விட்டு நகரவில்லை. ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவர் கிடங்குக்காரர், படத்தை அவரும் பார்த்திருந்தார். கடையக்கா ஒரு காலிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஏப்ரனை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள்.

தையலம்மா தன் கைப்பையைத் திறந்தாள். ஊசியும் நூல்கண்டும் இல்லாமல் அவள் வாசல்படி தாண்டியதில்லை. அழுகிறவளின் பின்னால் நின்று, ஊக்கைக் கழற்றி, அறுந்த தோள்பட்டையை இழுத்துப் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள். மெஷின் தையலைவிடக் கெட்டியாய், இரட்டை நூலில், குறுக்கும் நெடுக்குமாய். சொல்ல வார்த்தை இல்லாத இடத்தில் அவளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். தைக்கத் தைக்க அந்தத் தோளின் குலுக்கல் மெல்ல அடங்கியது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, ஊக்கைக் கடையக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

கடையக்கா எழுந்தாள். முகத்தைக் கழுவினாள். அடுப்பைப் பற்றவைத்தாள். வரிசையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, ஆறிப்போன தட்டைக் கழுவி, புதிதாய் ஒரு கரண்டி சுடச்சுட ஊற்றி, தையலம்மாவின் கையில் கொடுத்தாள்.

தையலம்மா ஒரு வாய் எடுத்து வைத்தாள். புளிப்பா, காரமா, என்னவென்று நாக்குக்குப் பிடிபடவில்லை. உப்பு கொஞ்சம் தூக்கலாய் இருந்தது. அது கண்ணீரின் உப்பாகவும் இருக்கலாம். உருண்டை பஞ்சாய்க் கரைந்தது. வயிற்றுக்குள் சூடு இறங்கியதும் தான் எத்தனை மாதப் பசியோடு நிற்கிறோம் என்று தெரிந்தது.

அடுத்த கரண்டி வந்தபோது கையால் தட்டை மூடினாள்.

டிங், டிங்.

கையை எடுத்தாள். மகனைப் போலவே தோற்றாள்.

நர்ஸக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தன் கிண்ணத்தை நீட்டினாள். "எனக்கும் தட்டச் சொல்லுடி. நான் மூடக் கூட மாட்டேன்."

சாப்பிட்டு முடித்ததும் தையலம்மா வீட்டுக்குப் போன் போட்டாள். சின்னவன் கூப்பிடும் அதே நேரம். அங்கே முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

"அம்மா?" பெரியவளின் குரல் பதறியது. "என்னம்மா, இந்த நேரத்துல? அப்பா போன் பக்கத்திலேயே உக்காந்திருக்கார். தினம் இந்த நேரம் இப்படித்தான் உக்கார்றார்."

"ஸ்பீக்கர்ல போடு. ரெண்டு பேரும் கேளுங்க." தையலம்மா மூச்சை இழுத்துவிட்டாள். "தட்டு கிடைச்சிருச்சு. கடையக்காவும் கிடைச்சுட்டாங்க. அவன் சாப்பிட்டிருக்கான்ம்மா. கையை வெச்சு மூடி மூடி, ரெண்டாவது கரண்டி வாங்கிச் சாப்பிட்டிருக்கான். நான் இப்போ அவன் தட்டுலதான் சாப்பிட்டேன்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"பெரியவளே, கேக்குதா?"

"நான் அன்னைக்குச் சொன்ன வார்த்தை..." என்று ஆரம்பித்தாள் பெரியவள். "தினம் நினைச்சு நினைச்சு அழுதேன்ம்மா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

மறந்திருப்பாள் என்றல்லவா தையலம்மா நினைத்திருந்தாள்! அதே முள் அங்கேயும் குத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"விடு கண்ணு. தம்பி மேல இருந்த பாசம் அப்படிப் பேசிடுச்சு. என்னங்க, இருக்கீங்களா?"

லேத்துக்காரர் செருமினார். மாதக்கணக்கில் போனில் பேசாத மனுஷன்.

"தட்டு நெளியாம இருக்கா?"

"நெளியலை. பேர் கூடத் தேயலை. கொண்டுவரேன். ஆனா ஒண்ணு, இனிமே ராத்திரிக்கு நீங்க அதுல சாப்பிடணும்."

பிறகு அவர் பெரியவளிடம் சொன்னது தூரத்தில் கேட்டது. "என்னம்மா இருக்கு? இருந்தா ரெண்டு வாய் போடு."

தையலம்மா போனை நெற்றியில் வைத்துக்கொண்டாள். கும்பிட்டதா, சாய்ந்துகொண்டதா என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளம்பும்போது கடையக்கா தட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். பிறகு, போகவிடாமல் முழங்கையைப் பிடித்தாள். வண்டியின் கொக்கியில் ஒரு சிறிய பார்சல் கட்டித் தொங்கியது. அதை எடுத்தாள். போனில் இருந்த படத்தைத் தொட்டாள். பார்சலைத் தொட்டாள். பின்னால் இருந்த அடுக்குமாடியைக் காட்டினாள். இரண்டாவது மாடி, ஓரத்து ஜன்னல். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இவன் தினம் ஒரு பார்சல் வாங்கிட்டு அங்கே போவானாம்" என்றாள் நர்ஸக்கா, கைப் பாஷையைப் படித்து. "அவன் வராத பிறகு இவங்களே கடை மூடிட்டு ஏறிக் கொண்டுபோய்க் கொடுக்கிறாங்க போல."

"யாருக்கு?"

கடையக்கா கன்னத்தில் கையை வைத்து, படுத்திருப்பது போல் காட்டினாள். அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. பார்சலைத் தையலம்மாவிடம் நீட்டினாள். இன்றைக்கு நீங்கள்.

நாலு வருஷப் பேச்சில் ஒரு நாள் கூட அவன் இதைச் சொன்னதில்லை. சாப்பிட்டதைச் சொன்னான். கொடுத்ததைச் சொல்லவில்லை.

மாடிப்படி குறுகலாய் இருந்தது. நர்ஸக்கா ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் முழங்காலையும் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"இரு, கொஞ்சம் யோசி" என்றாள். "யாரு, என்ன, ஆணா பொண்ணா, ஒண்ணும் தெரியாது. அவங்களுக்காவது விஷயம் தெரியுமான்னும் தெரியாது. போய் என்னன்னு சொல்லப் போறே?"

"என் புள்ளைக்கு அவங்களைத் தெரிஞ்சிருக்கு" என்றாள் தையலம்மா. "எனக்கு அது போதும்."

ஓரத்துக் கதவு. கைபட்டுக் கைபட்டு, தாழ்ப்பாள் பக்கத்தில் சாயம் தேய்ந்திருந்தது. அதில் அவன் கையும் பட்டிருக்கும். தையலம்மா தட்டை இடுக்கிக்கொண்டு, பார்சல் இன்னும் சூடாய் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். இருந்தது.

தட்டினாள். இரண்டே தட்டு.

உள்ளே ஏதோ சக்கரம் மெல்ல உருண்டு கதவை நோக்கி வரும் சத்தம். அது நின்றது. தாழ்ப்பாள் விலகியது.

தையலம்மா பார்சலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.